வல்லுகிரன் மகன்

வல்லுகிரன் என்ற உடும்பின் பெயரைச் சொன்னால் போதும், ஆம்பல் ஏரிப் பறவைகள் தாங்கள் அடைகாக்கும் முட்டைகளை இன்னும் கொஞ்சம் இறுக்கி அணைத்துக்கொள்ளும். அப்படிப்பட்ட திருடன் அவன். ஏரிக்கரையில் நின்ற பெரிய நீர்மருது மரத்தில் நாரைகளும் கூழைக்கடாக்களும் கூடு கட்டியிருந்தன. அடிமரத்தைச் சுற்றி எந்நேரமும் கொக்குகள் காவல் இருந்தன. ஓர் எறும்பு ஏறினால்கூட அவற்றின் கண்ணுக்குத் தப்பாது. அப்படியிருந்தும் முட்டைகள் காணாமல் போய்க்கொண்டே இருந்தன. வல்லுகிரன் எந்த வழியாக ஏறுகிறான், எந்த வழியாக இறங்குகிறான் என்று எவருக்கும் பிடிபடவில்லை. அவனுக்கு மாயம் தெரியும் என்று சில பறவைகள் நம்பின.

அவனுக்கு ஒரே மகன். பெயர் நெடுவாலன். தந்தையின் நகமும், பற்றினால் விடாத பிடியும் மகனுக்கு அப்படியே வாய்த்திருந்தன. வால் மட்டும் தந்தையுடையதைவிட நீளம். தவழத் தெரிந்த நாள் முதல் அவன் கற்ற தொழில் ஒன்றே ஒன்றுதான்.

ஒரு மழைக்காலத்தில் பறவைகள் எதிர்பாராமல் திரும்பிவிட்டன. தந்தையும் அவனுடைய கூட்டாளிக் கீரிகளும் வந்த வழியே மறைந்தார்கள். கிளை நுனியில், வாயெல்லாம் மஞ்சள் கருவோடு நின்ற மகன் அகப்பட்டுக்கொண்டான். காட்டில் நியாயம் பார்த்துவந்த பெண் யானை அவனை விசாரித்தது. மேலே ஏறிய வழியைச் சொன்னால் தண்டனையைக் குறைப்பதாகவும் சொன்னது. நெடுவாலன் வாய் திறக்கவில்லை. கடைசியில் அவனைக் குன்றடியில் ஒரு பாறைப் பொந்துக்குள் தள்ளி, முன்னால் குண்டுக்கல் ஒன்றை உருட்டி வைத்தார்கள்.

கல் இடுக்கில் நுழைந்து வரும் பூச்சிகளைத் தின்று அவன் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தான். என்றைக்காவது அப்பா வருவார், இடுக்கின் வழியாக ஒரு வார்த்தையாவது பேசுவார் என்று காத்திருந்தான். அப்பா வரவில்லை. வல்லுகிரன் செத்துப்போனான் என்று மட்டும் ஒரு கோடையில் ஓர் ஓணான் வந்து சொல்லிவிட்டுப் போனது.

மூன்று மழைக்காலம் கழிந்தது. யானை வந்து கல்லை நகர்த்தியது. வெளிச்சம் பட்டதும் நெடுவாலனுக்குக் கண் கூசியது. இனி முட்டையைத் தொடுவதில்லை என்று அவன் தனக்குள் சொல்லிக்கொண்டான். நண்டு பிடித்துப் பிழைத்துக்கொள்ளலாம் என்பது அவன் எண்ணம்.

ஆனால் அவன் நிழலைக் கண்டதுமே கவுதாரிகள் கூச்சல் போட்டுக் காட்டையே கூட்டின. ஏரி மணலில் இறங்கினால், நான் முட்டை புதைத்த இடம் இது, அந்தப் பக்கம் போ என்று ஆமை விரட்டியது. அவன் தோண்டிய வளைக்கு முன்னால் மைனாக்கள் நாளெல்லாம் காவல் நின்று, பார்க்கிறவர்களிடமெல்லாம் இது வல்லுகிரன் மகனுடைய வளை என்று சொல்லின. அவன் பெயரைக்கூட எவரும் சொல்லவில்லை. வயிறு ஒட்டி, இடுப்பெலும்பு துருத்திக்கொண்டு அவன் ஒரு புதரடியில் கிடந்தான்.

அங்கேதான் கூர்மூக்கன் வந்து சேர்ந்தான். அவன் கீரிகளின் தலைவன். தந்தையின் பழைய கூட்டாளி. கொண்டுவந்த தவளையை நெடுவாலன் முன் போட்டுவிட்டு அருகில் உட்கார்ந்தான். அவன் தின்று முடிக்கும்வரை காத்திருந்தான்.

"பார்த்தாயா மகனே? நீ திருடினாலும் திருடன், திருடாவிட்டாலும் திருடன். இதில் பட்டினி வேறு எதற்கு?" என்றான்.

"எனக்கு வேண்டாம் சித்தப்பா. அந்தத் தொழில் போதும்."

கூர்மூக்கன் கோபப்படவில்லை. "உன் அப்பன் உயிர் போகும்போது உன் பெயரைத்தான் சொன்னான். 'என் மரம் என் மகனுக்கு' என்றான். உன்னைத் தவிர அந்த வழியில் ஏற யாரால் முடியும்?"

மூன்று மழைக்காலம் காத்திருந்தும் கிடைக்காத வார்த்தை அது. அது மெய்யா பொய்யா என்று கேட்க நெடுவாலனுக்கு மனம் வரவில்லை. மறுநாள் அவன் கீரிகளோடு புறப்பட்டான்.

அன்று ஏரிக்குப் புதுவெள்ளம் வந்திருந்தது. மறுகரையில் மீன்கள் துள்ளின. கூட்டுப் பறவைகள் எல்லாம் அங்கே போயிருந்தன. கொக்குகள் மட்டும் அடிமரத்தைச் சுற்றி நின்றன. ஆனால் வல்லுகிரன் வழி அடிமரத்தில் இல்லை. தண்ணீர் விளிம்பில், வேர்களுக்கு நடுவே கோரை மறைத்த ஒரு துளை இருந்தது. அதற்குள் நுழைந்தால் மரத்தின் வயிறு முழுக்கப் பொந்து. உச்சியில் கிளை பிரியும் கவை வரைக்கும் அது குழாய்போல் போயிற்று. நடுவில் ஓரிடம் மட்டும் வழவழப்பாக இருக்கும். அங்கே உடும்பின் பிடிதான் நிற்கும். தந்தை அந்த இடத்தில் பற்றிக்கொண்டு வாலைத் தொங்கவிடுவான். கீரிகள் அதைப் பிடித்து ஏறி மேலே போகும். அந்த மாயம் இவ்வளவுதான்.

மேலே ஆள் இல்லை என்று பார்த்து வர நெடுவாலன் முதலில் ஏறினான். கவையின் வழியாகத் தலையை நீட்டினான். கண்ணுக்கு எட்டிய தூரம் கூடுகள். காற்று வீச, மரம் முழுவதும் மெல்ல ஆடியது. பக்கத்துக் கூட்டில் ஒரு நாரை முட்டை இருந்தது. பசி அவனைத் தள்ளியது. நகத்தை அதன்மேல் வைத்தான்.

முட்டைக்குள்ளிருந்து யாரோ தட்டினார்கள்.

நகத்தை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். மறுபடியும் தட்டும் சத்தம். பிறகு கீச்சென்று ஒரு குரல், ஓட்டுக்குள்ளிருந்தே வந்தது. எத்தனையோ முட்டைகளைத் தின்றவன் அவன். முட்டை என்றால் அவனுக்குக் கருவும் வெள்ளையும்தான். உள்ளேயிருந்து ஒருவர் கூப்பிடுவார் என்று அவனுக்கு எவரும் சொன்னதில்லை.

ஓட்டில் ஒரு கீறல் விழுந்தது. கீறல் ஓட்டையாயிற்று. ஓட்டையில் ஒரு சின்ன அலகு தெரிந்தது. அது களைத்துப்போய்ச் சற்று ஓய்ந்தது, மூச்சு வாங்கியது, மறுபடி முட்டியது. நெடுவாலன் மூச்சு விடவும் மறந்து நின்றான். ஓடு இரண்டாகப் பிளந்தது. ஈரத்தில் ஒட்டிய மயிரும், நிமிராத கழுத்துமாக ஓர் உயிர் வெளியே சரிந்தது. தலையைத் தூக்கப் பார்த்தது, முடியவில்லை. அருகில் இருந்த அவன் காலின்மேல் அதைச் சாய்த்துக்கொண்டது.

அந்தத் தலைக்கு ஒரு தளிரின் எடைகூட இல்லை. ஆனால் நெடுவாலனால் காலை அசைக்க முடியவில்லை. வானமும் ஏரியும் இவ்வளவு பெரிய மரமும் அந்தக் குஞ்சைப் பார்த்துக்கொண்டு நிற்பதுபோல் அவனுக்கு இருந்தது.

கீழேயிருந்து கூர்மூக்கன் சீழ்க்கை அடித்தான். நெடுவாலன் காலை மெல்ல உருவிக்கொண்டு, பொந்துக்குள் தலைகீழாக இறங்கினான். வழவழப்பான இடத்துக்கு வந்ததும் பிடித்துக்கொண்டான். கீழே கீரிகளின் கண்கள் மின்னின.

"வாலை விடு," என்றான் கூர்மூக்கன்.

"விடமாட்டேன் சித்தப்பா. திரும்பிப் போங்கள்."

"உன் அப்பன் பெயரைக் கெடுக்கிறாயா?"

"ஆமாம்," என்றான் நெடுவாலன்.

கூர்மூக்கன் முதலில் கெஞ்சினான், பிறகு மிரட்டினான். பறவைகளிடம் போய், நீதான் வழிகாட்டினாய் என்று சொல்வேன் என்றான். தலைகீழாக நின்றால் பிடி நிற்காது என்று நெடுவாலன் மேலே திரும்பி, உடம்பை உப்பவைத்துப் பொந்தை அடைத்தான். நான்கு கால்களையும் மரத்தில் ஊன்றினான். திரும்பியபோது நீண்ட வால் தானாகவே கீழே தொங்கியது. அதைச் சுருட்டிக்கொள்ள அந்த இறுக்கத்தில் இடம் இல்லை. கூர்மூக்கன் எம்பி அதைப் பல்லால் கவ்வினான். அவன் இடுப்பைப் பிடித்து இன்னொரு கீரி தொங்கியது. அதைப் பிடித்து மற்றொன்று.

பிடியை விட்டால் வலி தீரும். விடவில்லை. நகங்கள் மரத்துக்குள் இறங்கின. கீரிகள் தொங்கித் தொங்கி இழுத்தன. கடைசியில் அத்தனை பேருடைய எடையையும் தாங்காமல், கூர்மூக்கன் பல் இறங்கிய இடத்தில் வால் அறுந்தது. அறுந்த வாலோடு கீரிகள் எல்லாம் பொந்தின் அடியில் போய் விழுந்தன. மேலே ஏற இனி அவற்றுக்கு எதுவும் இல்லை. நொண்டிக்கொண்டே வேர்த்துளை வழியாக ஓடிப்போயின.

நெடுவாலன் ரத்தம் சொட்டச் சொட்டக் கவைக்கு ஏறி வந்தான். பறவைகள் வருவதற்குள் அவனும் இறங்கிப் போயிருக்கலாம். போகவில்லை. குஞ்சுக்கு வெயில் படாமல் நிழலாகப் படுத்திருந்தான்.

பொழுது சாயும்போது பறவைகள் வந்தன. கூட்டருகே உடும்பைக் கண்டதும் அலகுகளை நீட்டிக்கொண்டு பாய்ந்தன. தாய் நாரை முதலில் வந்து சேர்ந்தது. உடைந்த ஓட்டைப் பார்த்து அலறியது. அப்புறம்தான் ஓட்டுக்குப் பக்கத்தில் வாயைத் திறந்துகொண்டிருந்த குஞ்சைப் பார்த்தது. மற்றவர்களைத் தடுத்தது.

மூத்த கூழைக்கடா முன்னால் வந்து, எதற்காக வந்தாய் என்று கேட்டது. திருட வந்தேன் என்றான் நெடுவாலன். பிறகு வேர்த்துளையையும் பொந்தையும், அதன் நடுவில் தன் வால் அறுந்ததையும் ஒன்றுவிடாமல் சொன்னான்.

"அன்றைக்கு அவ்வளவு கேட்டும் சொல்லாதவன் நீ," என்றது கூழைக்கடா. "இப்போது சொன்னால் உன்னை மறுபடியும் அடைப்பார்கள் என்று தெரியாதா?"

"தெரியும். ஆனால் அந்த வழி இருக்கும்வரை என் அப்பாவும் இருப்பார். அதை அடைத்துவிடுங்கள்."

கூழைக்கடா ஒரு கொக்கை யானையிடம் அனுப்பியது.

யானை வந்தது. கோரையை விலக்கித் துளையைப் பார்த்தது. வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றது. பிறகு கல்லும் களிமண்ணும் கொண்டுவந்து துளையை அடைத்து, மேலே காலால் மிதித்து இறுக்கியது. நெடுவாலனை அது எங்கும் கூட்டிப்போகவில்லை. அந்த வேரடியிலேயே, மழை படாத ஓரிடத்தில் துதிக்கையால் ஒரு வளை தோண்டிக் கொடுத்துவிட்டுத் தன் வழியே நடந்தது.

காயம் ஆறியது. குட்டை வாலோடு அவன் ஏரி நண்டுகளைப் பிடித்து வாழ்ந்தான். கீரிகள் இரண்டொரு முறை வந்து, வேரடியில் அவனைக் கண்டு திரும்பிப்போயின.

வல்லுகிரன் காலம் தொட்டு அந்த மரத்தின் தாழ்ந்த கிளைகளில் எந்தப் பறவையும் கூடு கட்டியதில்லை. அடுத்த மழைக்காலத்தில் ஒரு விடியற்காலை நெடுவாலன் வளையிலிருந்து தலையை நீட்டினான். அவன் தலைக்கு மேலே, எட்டித் தொடும் உயரத்தில், ஒரு நாரை முதல் சுள்ளியை வைத்துக்கொண்டிருந்தது. அதற்கடுத்த கிளையில் இன்னொன்று. அவன் அசையாமல், அண்ணாந்து, பார்த்துக்கொண்டே இருந்தான்.

தந்தை விட்டுப்போன வழி நம் கால் வரைக்கும் வந்து நிற்கும். அதில் நடப்பதும் அதை அடைப்பதும் நம்மிடம்தான் இருக்கிறது.