ஷாக் அப்சர்பரும் மூன்று மணல் மூட்டையும்

குருவைவிடச் சீடருக்கு இருபது வயது அதிகம். அதனால் வந்த தொந்தரவு கொஞ்சநஞ்சமல்ல.

சீடர் நல்லபெருமாள் நாமக்கல்லில் முப்பது வருஷம் லாரி வைத்துத் தொழில் நடத்தியவர். எல்லாவற்றையும் விற்றுவிட்டுக் கொல்லிமலை அடிவாரத்து ஆசிரமத்துக்கு வந்தபோது, தன் பழைய பெரிய காரை மட்டும் விட மனசில்லாமல் ஓட்டி வந்துவிட்டார். குரு தவமணி அம்மா ஒரு காலத்தில் கணக்கு டீச்சர். பொறுமைசாலி என்று பெயர் எடுத்தவர். நல்லபெருமாள் வந்து சேர்ந்த பிறகு அந்தப் பெயர் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுக்கொண்டிருந்தது.

அன்று காலை நல்லபெருமாள் வேப்பமரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார். யாரும் சுற்றச் சொல்லவில்லை. அவராக வைத்துக்கொண்ட விரதம்.

"இன்னிக்கு உங்க பொண்ணுக்கு வளைகாப்பு. இன்னும் கிளம்பலையா?" என்றார் அம்மா.

நல்லபெருமாள் நின்றார்.

"உங்க வீட்டம்மா எனக்கு போன் பண்ணி அழறாங்க. அப்பா நேர்ல வந்து கூப்பிட்டாத்தான் பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வருவேன், இல்லாட்டி வரவே மாட்டேன்னு பூங்கோதை சொல்லிட்டாளாம்."

"எனக்கும் பண்ணுனாங்க. மௌன விரதம்னு எழுதிக் காட்டிட்டேன்."

"போன்லயா எழுதிக் காட்டினீங்க?"

"சமையல்காரர்கிட்டக் காட்டினேனுங்க. அவர் சொல்லிட்டார்."

வியாழக்கிழமைதான் அவருடைய மௌன விரதம். வீட்டிலிருந்து போன் வந்தால் அது செவ்வாய்க்கிழமையும் வந்துவிடும்.

"போகணும்னுதானுங்க எனக்கும் ஆசை. வண்டி சரியில்லை. பின்னாடி ஷாக் அப்சர்பர் ரெண்டும் போயிடுச்சு. பள்ளத்துல இறங்குனா பந்து மாதிரி குதிக்குது. ஏழு மாசக்காரியை அதுல எப்படிங்க ஏத்தறது?"

"டாக்சி வைங்க."

"லாரி வச்சிருந்த குடும்பமுங்க. வாடகை வண்டியில போய் மகளைக் கூட்டிக்கிட்டு வந்தா சம்பந்தி வீட்டுல சிரிக்க மாட்டாங்களா?"

அம்மா கண்ணை மூடித் திறந்தார்.

"புது ஷாக் அப்சர்பர் வாங்கினீங்களே, தைப்பூசத்துக்கு முன்னாடி. அது எங்கே?"

"கட்டிலுக்கு அடியில இருக்குதுங்க."

"அங்கே அது யாரைத் தாங்குது? எடுத்துட்டு வாங்க."

நல்லபெருமாள் பெட்டியோடு வந்தார். ஒட்டிய டேப்கூடப் பிரிக்கப்படவில்லை. ஜாக்கியும் ஸ்பேனரும் எடுக்க வண்டியின் பின்கதவைத் திறந்தார். உள்ளே மூன்று மணல் மூட்டைகள் உட்கார்ந்திருந்தன.

"இது என்ன?"

"காலி லாரி குதிக்குமுங்க. லோடு ஏத்துன லாரி குதிக்காது. அதான் மூட்டையைப் போட்டு வச்சிருக்கேன். இப்ப அடக்கமாப் போகுது."

"இப்பத்தானே பந்து மாதிரி குதிக்குதுன்னீங்க?"

"அது மூட்டை இல்லாமங்க. புள்ளையும் அவ சாமானும் ஏறணும்னா மூட்டையை இறக்கணுமே. இறக்குனா குதிக்கும்."

தொழிலில் இருந்த காலத்தில் எந்த டிரைவராவது இப்படிச் செய்திருந்தால் நல்லபெருமாள் அவனை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பார். இப்போது அதையே ஒரு சாமர்த்தியமாகச் சொல்லிக்கொண்டு நின்றார். கழுத்தில் நாலு மாலை. மணிக்கட்டில் கயிற்றுக்கு மேல் கயிறு. சாப்பாட்டில் உப்பை விட்டு ஒரு வருஷம் ஆகிறது.

"வண்டி அடங்கலை, பெரியவரே. அமுங்கிக் கிடக்குது. இறக்குங்க," என்றார் அம்மா.

மூட்டைகள் இறங்கின. முன்சக்கரத்துக்குக் கல் வைத்து, பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்ட் கொடுத்தார். அடியில் படுத்துக்கொண்டார். கீழ் போல்ட் கழன்றது. மேல் நட்டு துருப்பிடித்து அசைய மறுத்தது. மண்ணெண்ணெய் ஊற்றினார், தட்டினார். ஸ்பேனர் நழுவி விரல் முட்டியில் தோல் போயிற்று.

"இன்னிக்கு ஆகாதுங்க அம்மா. நட்டு வரமாட்டேங்குது. போகக் கூடாதுன்னு கடவுளே..."

"கடவுளுக்கு வேற வேலை இல்லையா? உங்க நட்டைப் பிடிச்சுக்கிட்டா உட்கார்ந்திருக்கார்? ஸ்பேனர்ல குழாயை மாட்டித் திருப்புங்க."

குழாய் மாட்டித் திருப்பியதும் நட்டு முனகிக்கொண்டே வந்தது. நல்லபெருமாள் முகத்தில் வருத்தம்தான் தெரிந்தது.

வலதுபக்கத்தில் எண்ணெய் கசியவில்லை. அது நன்றாகத்தான் இருக்கிறது, இடதை மட்டும் மாற்றினால் போதும் என்று ஆரம்பித்தார். "ரெண்டும் போயிடுச்சுன்னீங்களே?" என்றார் அம்மா. நல்லபெருமாள் வலதுபக்கம் நகர்ந்து படுத்தார்.

கழற்றியதைத் தரையில் நிறுத்தி அழுத்தினார். பிடிப்பே இல்லாமல் உள்ளே போயிற்று, அங்கேயே கிடந்தது. புதியதை அழுத்தினார். கை வலித்தது. விட்டதும் மெதுவாக, தன் வேகத்தில் மேலே வந்தது.

"ஸ்பிரிங்தான் இருக்கே. இது எதுக்கு?" என்று கேட்டார் அம்மா.

இதுகூடவா தெரியாது என்று நல்லபெருமாளுக்கு எரிச்சல் வந்தது. "அடியை வாங்கறது ஸ்பிரிங்குங்க. ஆனா வாங்கிட்டுச் சும்மா இருக்காது, மேலயும் கீழயும் ஆடிக்கிட்டே இருக்கும். பள்ளம் பின்னாடி எங்கயோ போயிருக்கும், வண்டி இன்னும் ஆடும். அந்த ஆட்டத்தை நிறுத்தறதுதான் இதோட வேலை."

"பள்ளத்தை இது ஒண்ணும் செய்யாதா?"

"பள்ளம் ரோட்டுல கிடக்குதுங்க. அதை இது என்ன செய்ய முடியும்?"

"சரி. மாட்டுங்க."

இரண்டையும் மாட்டி, வண்டியை இறக்கி, சக்கரம் தரையில் நின்ற பிறகு போல்ட்டுகளைக் கடைசியாக ஒரு முறுக்கு முறுக்கினார். பின்பக்கத்தை இரண்டு கையாலும் அழுத்தி விட்டார். வண்டி ஒருமுறை எழுந்து நின்றது. அவரையறியாமல் சிரிப்பு வந்தது. உடனே அம்மா பார்க்கிறாரா என்று திரும்பினார். பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"குளிச்சுட்டுக் கிளம்புங்க. மத்தியானத்துக்குள்ள போயிடலாம்."

நல்லபெருமாள் குளித்தார். வேட்டி மாற்றினார். வண்டியில் ஏறி உட்கார்ந்தார். சாவியைத் திருப்பவில்லை.

"இப்ப என்ன?" அம்மாவின் குரலில் களைப்பு. "டயரா? டீசலா? ராகு காலமா?"

"இல்லீங்க." அவர் ஸ்டியரிங்கையே பார்த்தார். "நாலு வருஷத்துக்கு முன்னாடி, அந்தப் பையனைத்தான் கட்டுவேன்னு வீட்டை விட்டுப் போறப்ப வாசல்ல நின்னு ஒரு வார்த்தை சொன்னா. 'லாரி டயருக்குக் காட்டுற அக்கறையில பாதி எனக்குக் காட்டியிருக்கீங்களாப்பா'ன்னு. அது நிக்கவே மாட்டேங்குதுங்க. சோத்துல கைய வச்சாக் கேக்குது. மரத்தைச் சுத்துனாக் கேக்குது. விரதம் இருந்தா அடங்கும்னு பார்த்தேன். அடங்கலை."

அவர் அழுதார். அறுபது தாண்டிய மனிதர், மாலைகளைப் பிடித்துக்கொண்டு அழுவது பார்க்கக் கஷ்டமாக இருந்தது. அம்மா அவர் முடிக்கும்வரை காத்திருந்தார்.

"அவ சொன்னது பொய்யா?"

"பொய்யில்லீங்க."

நல்லபெருமாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இன்னிக்கு அத்தனை பேர் முன்னாடி மறுபடியும் அதையே சொன்னா என்னங்க பண்றது?" என்று கேட்டார்.

"சொல்லத்தான் சொல்லுவா," என்றார் அம்மா. "ஒரு தடவை குதிச்சுக்குங்க. அப்புறம் அவ பையை வாங்கி வண்டியில வைங்க."