கட்டடம் சொல்லாத பாதி

கட்டடங்களும் மனிதர்களும் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டிருந்த காலம் அது. மலையடிவார ஊர் ஒன்றில் ஐந்து மாடிக் குடியிருப்பு ஒன்று புதிதாக எழுந்து நின்றது. நிலநடுக்கம் வந்துபோகிற ஊர். அதனால் வீடு வாங்க வந்த எல்லோரும் கட்டடத்திடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

தையல் தொழில் செய்யும் நஸீமாவும் கேட்டாள். "நிலம் ஆடினா என்ன ஆகும்? உள்ளதைச் சொல்லு."

"யாருக்கும் ஒண்ணும் ஆகாது" என்றது கட்டடம்.

அவள் முகம் தெளிந்தது. அவள் போனதும், தூண்களை இணைக்கும் பீம் கட்டடத்திடம் கேட்டது. "ஏன் பாதியில நிறுத்திட்டே? பெரிசா ஆடினா நான் விரிசல் விட்டு அதிர்வை வாங்கிக்குவேன். அப்பத்தான் தூண் சாயாது, ஆளுங்க இறங்கித் தப்பிப்பாங்க. ஆனா அப்புறம் இங்கே குடியிருக்க முடியாதே. அதைச் சொல்ல வேண்டாமா?"

"நான் பொய் சொல்லலையே."

"அவ என்ன புரிஞ்சுக்கிட்டான்னு உனக்குத் தெரியும்."

எல்லோரும் தன்னை அண்ணாந்து பார்ப்பது கட்டடத்துக்குப் பிடித்திருந்தது.

நஸீமா இரண்டாம் மாடியில் வீடு வாங்கிக் குடியேறினாள். ஒருமுறை அவள் தங்கை மெஹ்ருன் வந்தாள். "அக்கா, ஒரு மிஷினையாவது என் வீட்ல போட்டு வை. ஏதாவது ஒண்ணுன்னா பொழைப்புக்கு ஆகும்."

"எங்க கட்டடத்தைப் பத்தி உனக்குத் தெரியாது" என்று சிரித்தாள் நஸீமா. அப்போதும் கட்டடம் வாயைத் திறக்கவில்லை.

ஒரு மத்தியானம் நிலம் உலுக்கியது. பீம் வெடித்தது. சுவர்கள் பிளந்தன. தூண்கள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றன. கடைசி ஆள் படியிறங்கும்வரை எதுவும் விழவில்லை.

அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டு வாசலில் கயிறு கட்டினார்கள். "உள்ளே யாரும் போகக் கூடாது. இடிக்கத்தான் வேணும்."

"ஏமாத்திடுச்சே! புதுக் கட்டடமாம்!" என்று ஒருவர் காறித் துப்பினார். கட்டடம் தாங்கிக்கொண்டது.

பிறகு நஸீமா கயிற்றுக்கு அடியில் குனிந்து வந்தாள். முன்தூணில் கை வைத்தாள். "திட்டுறவங்க கிடக்கிறாங்க, விடு. என் புள்ளைங்க ரெண்டும் உசிரோட இருக்குதுங்க. உன்னாலதான். உன்னால முடிஞ்சதைச் செஞ்சே. இப்படி உடைஞ்சு போவோம்னு நீ மட்டும் கண்டியா என்ன?"

வசவைத் தாங்கிய கட்டடத்தால் இதைத் தாங்க முடியவில்லை.

"கண்டேம்மா" என்றது. "கட்டும்போதே தெரியும். உடைஞ்சு உங்களைக் காப்பாத்தத்தான் என்னைக் கட்டினாங்க. சொன்னா என்னை மட்டமா நினைப்பீங்களேன்னு சொல்லலை."

நஸீமா இரண்டாம் மாடி ஜன்னலை நிமிர்ந்து பார்த்தாள். அவளுடைய மிஷின்கள் இரண்டும் உள்ளே இருந்தன. கல்யாண வீட்டுத் துணிகளும் பாதி தைத்தபடி கிடந்தன.

அவள் திட்டவில்லை. தூணிலிருந்து மெல்லக் கையை எடுத்துக்கொண்டாள்.