இலைமேல் கை வைத்தவள்

செல்களுக்கு வாய் இருந்த காலம் அது. உடம்பு ஒரு கைப்பிடி அளவுதான் இருந்தது. உள்ளே ஓயாத பந்தி. 'வளர், வளர்' என்று ராசு வாளியோடு வந்து பரிமாறுவான். சாப்பிட்ட செல் இரண்டாகும், இரண்டு நான்காகும்.

ராசு நல்லவன்தான். ஆனால் இலைமேல் ஒரு கை வந்து மறிக்கும்வரை அவனுக்கு நிறுத்தத் தெரியாது. ஒவ்வொரு செல்லும் ஒரு வீடு; வீடு வீடாகப் போய் அப்படிக் கை வைத்தவள் போதும்பொண்ணு. வாட்டசாட்டமான ஆள், அதிகம் பேசமாட்டாள்.

உடம்பு வளர்ந்து முடிந்ததும், எப்போதாவது எட்டிப் பார்த்தால் போதும் என்று பல வீட்டார் அவளை அனுப்பிவிட்டார்கள். சுருளியம்மாளும் அனுப்பினாள்.

முதுகுத்தண்டிலிருந்து கால் கட்டைவிரல்வரை நீண்டு கிடந்த நெட்டையன் என்ற நரம்புச் செல்லைப் போர்வையாகச் சுற்றிக் காத்தவள்தான் இந்தச் சுருளியம்மாள். போடுகிற கையைத் தடுப்பது மரியாதை இல்லை என்பது அவள் வளர்ந்த விதம். ராசு போடப்போட மறுக்காமல் சாப்பிட்டாள். ஒருத்தி பத்தானாள், பத்து நூறானது. போர்வை கனமானால் நெட்டையனுக்கு நல்லதுதானே என்று வேறு நினைத்துக்கொண்டாள். தோலுக்கடியில் ஒரு கட்டி புடைத்தது.

ஒருநாள் காலில் முள் தைத்தது. கால் பாட்டுக்கு அதன்மேலேயே நடந்தது. நெட்டையன் திணறிக்கொண்டே சொன்னான்: "சுருளி, மூச்சு முட்டுது. கட்டைவிரல் சொல்றது எனக்குக் கேக்கல. நான் போயிட்டா என் எடத்துக்கு இன்னொருத்தன் பொறக்க மாட்டான்."

அவள் பதறிப்போனாள். அதற்குள் ராசு அடுத்த வாளியோடு வந்து குனிந்துவிட்டான். அப்போதும் பழகிய மரியாதை அவள் கையைத் தூக்கவிடவில்லை.

சேதி கேட்டு ஓடிவந்த போதும்பொண்ணு இலைமேல் தன் கையை விரித்தாள். கொதிக்கக் கொதிக்கக் குழம்பு கைமேலேயே விழுந்தது. அவள் கையை எடுக்கவில்லை. அப்படியொரு மனசு யாருக்கு வரும்?

"போதும் ராசு."

அவன் வாளியை இறக்கினான். "கை வெந்துபோச்சேக்கா."

"வேகட்டும். அவன் பொழைக்கட்டும்."

கட்டி மேலும் வளரவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக நெட்டையனுக்கு மூச்சு வந்தது. கட்டைவிரலின் முனகல் கேட்டது: முள், முள். சுருளியம்மாள் அழுதுகொண்டே, இனி இந்த வீட்டைவிட்டுப் போகக்கூடாது என்று போதும்பொண்ணின் வெந்த கையைப் பிடித்துக்கொண்டாள். நெட்டையன் தன் வீட்டிலும் இடம் கொடுத்தான். மூளையில் இதே போர்வை வேலை பார்க்கும் சுருளியின் தங்கைகளும் அவளைக் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

டாக்டர்கள் போதும்பொண்ணை நியூரோஃபைப்ரோமின் என்ற புரதம் என்கிறார்கள்; ராசுவும் செல்லை வளரச் சொல்லும் ஒரு புரதம்தான். சில பேருக்குப் பிறவியிலேயே அவள் பலம் குறைந்திருக்கும். நரம்போரம் கட்டிகள் வரும். அதில் யார்மீதும் குற்றமில்லை.

அந்த நாள் தொட்டுத்தான் அவள் மற்ற இடங்களைவிட நரம்புச் செல்களிலும் அவற்றைச் சுற்றியிருக்கும் செல்களிலும் நிறைந்திருக்கிறாள். முள் தைத்ததும் நாம் வெடுக்கென்று காலைத் தூக்குகிறோம் என்றால், வெந்த அந்தக் கையை அவள் இன்னும் இலையிலிருந்து எடுக்கவில்லை என்று அர்த்தம்.