பத்திரிகைக் கட்டின் அடியில்

தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாகத்தான் இருக்கிறது. கம்ப்யூட்டர் விஷயம். ஒரு சொல் இடம் மாறினால் கதையே கெட்டுப்போகும். கேட்டது கேட்டபடி சொல்கிறேன்.

சாத்தூரில் எங்கள் வீட்டு மாடியில் பொன்மலர் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்தினாள். அவளைவிட மூத்தவரான தங்கப்பாண்டி அவளிடம் படித்தார். அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

ஒருநாள் அவள் பலகையில் தலைகீழாக ஒரு மரம் வரைந்தாள். உச்சியில் ஒரு எண். அதன் கீழே இரண்டு. அந்த ஒவ்வொன்றின் கீழும் இரண்டிரண்டு.

"மேல் வரிசை முடிஞ்ச பிறகுதான் அடுத்த வரிசை வரணும். புரோக்ராம் எழுதுங்க."

அவர் எழுதினார். அது இடப்பக்கக் கிளையைப் பிடித்துக்கொண்டு நேரே அடிவரைக்கும் இறங்கியது.

"வழுக்கிட்டுப் போகுது டீச்சர். ஏன்?"

அவள் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு வேறொன்று கேட்டாள்.

"தங்கச்சி கல்யாணத்துக்குப் பத்திரிகை வெச்சாச்சா?"

அவர் முகம் சுருங்கிவிட்டது.

"அதை ஏன் கேக்கிறீங்க. பேச்சிக்கனி அத்தை கதவைச் சாத்திட்டா. 'என் அண்ணன் பிள்ளைகளுக்கெல்லாம் கொடுத்துட்டு, மிச்சம் இருந்ததை எனக்குக் கொண்டு வந்தியாடா'ங்கிறா. அத்தை முதல் உலக்கை போடாம எங்க வீட்டுல கல்யாண மஞ்சள் இடிக்க மாட்டாங்க. தங்கச்சி அழுதுக்கிட்டு இருக்கா."

"கட்டு எங்கே?"

மஞ்சள் பையிலிருந்து பத்திரிகைக் கட்டை எடுத்து மேசையில் வைத்தார்.

"முதல்ல யார் வீடு?"

"பெரிய தாத்தா வீடு. அவருக்கு ஒரு மகன், ஒரு மகள். பெரியப்பாவும் அத்தையும். அங்கேயே ரெண்டு பேர் பேரையும் எழுதிக் கட்டு மேல வெச்சுக்கிட்டேன். ஒரு வீட்டுல கொடுத்ததும் அவங்க பிள்ளைங்க பேரை அங்கேயே எழுதிக்கிறது எங்க வழக்கம்."

"அடுத்து?"

"மேல இருந்தது பெரியப்பா. அவருக்குக் கொடுத்துட்டு அவர் பிள்ளைங்க ரெண்டு பேர் பேரையும் எழுதினேன்."

"எழுதி எங்க வெச்சீங்க?"

"கட்டு மேலதான். வேற எங்க வைப்பாங்க?"

பொன்மலர் பேர் எழுதாத நான்கு பத்திரிகைகளை உருவினாள். இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாள்.

"மேல பெரியப்பா. கீழ அத்தை. பெரியப்பாவுக்குக் கொடுத்தாச்சு."

மேலே இருந்ததை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். மற்ற இரண்டையும் அத்தைக்கு அடியில் செருகினாள்.

"இவங்க அவர் பிள்ளைங்க. இப்ப மேல யாரு?"

"அத்தை!" என்றார் தங்கப்பாண்டி. கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி, புதிதாக வருவதை மேலே வைத்த இடத்தைத் தேடி, அடியில் வைக்கும்படி மாற்றினார். எண்கள் வரிசை வரிசையாக வந்து நின்றன. குழந்தை மாதிரி கைதட்டினார். சட்டென்று நிறுத்தினார்.

"இது சரியாயிடுச்சு. அத்தைக்கு என்ன செய்ய?"

"இப்ப தப்பைத் திருத்தினதும் என்ன செஞ்சீங்க?"

"முதல்ல இருந்து ஓட்டினேன்."

"ஓட்டுங்க அண்ணாச்சி."

மறுநாள் அத்தை வீட்டுக் கதவைத் தட்டினார். உள்ளிருந்தே குரல் வந்தது.

"இப்ப யார் வீட்டுல இருந்துடா வர்றே?"

"பெரியப்பா வீட்டுல இருந்து அத்தை."

"அதுக்கு முன்னாடி?"

"பெரிய தாத்தா வீடு."

"அவங்களுக்குத்தான் அன்னைக்கே வெச்சியே?"

"இன்னைக்கு மறுபடியும் வெச்சேன். அடுத்து நீங்கதான்."

தாழ்ப்பாள் விலகியது.

"கூறுகெட்ட பயலே, உள்ள வா. காபி ஆறிடும். அந்த உலக்கைக்குப் பூண் போட்டீங்களா இல்லையா?"

போன மாதம் என் மகனுக்குக் கல்யாணம். தெருவில் நின்று எது மேல், எது அடி என்று குழம்பிவிடுவேனோ என்ற பயத்தில், கட்டைப் பொன்மலர் கையில் கொடுத்துவிட்டு, வெற்றிலைத் தாம்பாளத்தை மட்டும் நான் பிடித்துக்கொண்டேன்.