பல்லியார் சொன்ன பலன்

பூட்டிக் கிடந்த ஒரு வீட்டின் கொல்லையில் ஒரு முயலும் ஒரு பெருச்சாளியும் தோட்டம் போட்டிருந்தன. கொல்லையின் தெற்குச் சுவரில் ஒரு பல்லி குடியிருந்தது.

வெயில் மண்ணை வறுத்தெடுத்த காலம் அது. பகலில் தண்ணீர் விட்டால் செடி வெந்துபோகும். அதனால் இருட்டி, மண்ணின் சூடு ஆறிய பிறகுதான் இரண்டுக்கும் வேலை. பெருச்சாளி பாத்தி கட்டும், களை பறிக்கும். முயல் பக்கத்துக் குளத்திலிருந்து கொட்டாங்குச்சியில் தண்ணீர் மொண்டு வந்து ஊற்றும். கத்தரி நாற்று வேர் பிடித்திருந்தது. புடலங்கொடி பந்தல் ஏறியிருந்தது. முயலுக்கு வளையில் குட்டிகள் இருந்தன. சுற்றிலும் புல் காய்ந்துவிட்டதால் அந்தத் தோட்டத்துத் தழைதான் அவற்றுக்குச் சாப்பாடு.

பல்லிக்கும் பிழைப்பு அதில்தான் ஓடியது. புடலம்பூ இருட்டிய பிறகுதான் விரியும். விரிந்ததும் அந்துப்பூச்சிகள் தேடி வரும். பல்லி பந்தலில் தலைகீழாக ஒட்டிக்கொண்டு வயிறு முட்டத் தின்றுவிட்டுச் சுவருக்குத் திரும்பும்.

ஒரு நாள் கொஞ்சம் பெரிய பூச்சியாக விழுங்கிவிட்டது. அது தொண்டையில் சிக்கிக்கொண்டது. சுவரில் இருந்தபடி, "ச்சு, ச்சு, ச்சு" என்று செருமியது.

அந்த நேரம் பார்த்து முயல் தண்ணீர் ஊற்றக் குனிந்தது.

"ஊத்தாதே!" என்று பெருச்சாளி தடுத்தது.

"ஏண்ணே?"

"பல்லி சொல்லிடுச்சு, கேக்கலையா? தெக்குச் சுவத்துலேருந்து சொன்னா ஆகாது."

பெருச்சாளி முன்பு ஒரு ஜோசியர் வீட்டு அடுப்படிக்குக் கீழே குடியிருந்தது. அங்கே அரைகுறையாகக் காதில் விழுந்ததெல்லாம் அதற்குச் சாஸ்திரம். முயல் தயங்கியது. பிறகு கொட்டாங்குச்சியைக் கீழே வைத்துவிட்டது.

அன்றைக்கென்று விடிவதற்குள் ஒரு கோடை மழை பிடித்துக் கொட்டியது. பாத்தியெல்லாம் தண்ணீர் நின்றது.

"பாத்தியா? நீயும் ஊத்தியிருந்தா நாத்து மொத்தமும் அழுகியிருக்கும்," என்றது பெருச்சாளி.

அன்றுதான் பல்லி 'பல்லியார்' ஆனது.

மறுநாள் இரண்டும் சுவரோரம் பவ்வியமாக வந்து நின்றன. மழைக்குப் பறந்த ஈசலைப் பிடித்து ஒரு இலையில் வைத்திருந்தன. "பல்லியாரே, இது உங்களுக்கு," என்றது முயல்.

எதற்கு என்று கேட்கப் பல்லி வாயெடுத்தது. ஈசலைப் பார்த்தது. வாயை மூடிக்கொண்டது. நடந்ததை நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தது.

அந்த நாளை வரவில்லை. பிறந்ததிலிருந்து அதை யாரும் 'ஆர்' போட்டுக் கூப்பிட்டதில்லை. கண்டால் 'ச்சீ' என்று துடைப்பத்தைத் தூக்குகிறவர்களைத்தான் அது பார்த்திருக்கிறது. இப்போதோ தினமும் பூச்சி காணிக்கையாக வந்தது. அதைக் கேட்காமல் அவை ஒரு களைகூடப் பிடுங்குவதில்லை. பல்லிக்குத் தலைகால் புரியவில்லை. போகப்போக, தனக்கு உண்மையிலேயே ஏதோ தெரியும்போல இருக்கிறதே என்றுகூட அதற்குத் தோன்றியது.

ஆனால் பல்லி சத்தம் போடாமல் இருக்குமா? பசித்தால் ஒரு ச்சு. பக்கத்துச் சுவர்ப் பல்லி எட்டிப் பார்த்தால் ஒரு ச்சு. சும்மா இருக்கப் பிடிக்காவிட்டால் இன்னொரு ச்சு. ஒவ்வொன்றுக்கும் முயல் கொட்டாங்குச்சியைக் கீழே வைத்தது.

மழை ஈரம் காய்ந்து மண் வெடித்தது. கத்தரி நாற்று தலை சாய்ந்தது. பல்லிக்கு அது தெரியாமல் இல்லை. சொல்லிவிடலாமா என்று தினமும் நினைக்கும். சொன்னால் 'ஆர்' போய்விடுமே என்று தினமும் விட்டுவிடும். கடைசியில் கத்தரி கருகிப்போனது. புடலை மொட்டெல்லாம் உதிர்ந்தது. பூ இல்லாததால் பூச்சி வரவில்லை. பூச்சி வராததால் காணிக்கையும் நின்றது. பல்லியாரின் வயிறு முதுகோடு ஒட்டிக்கொண்டது.

ஒரு ராத்திரி முயல் சுவரடிக்கு வந்தது. எலும்பும் தோலுமாக இருந்தது.

"பல்லியாரே, இன்னைக்கும் ஆகாதுன்னா நான் குட்டிங்களைக் கூட்டிக்கிட்டுக் குளத்துக்கு அந்தப் பக்கம் போயிடறேன். வழியில நாய்ங்க இருக்கு. என் கடைக்குட்டியால ஓட முடியாது. வேற வழி தெரியலை," என்றது.

நாம் சத்தம் போடாமல் இருந்தால் முயல் தண்ணீர் ஊற்றிவிடும் என்று பல்லி வாயை இறுக்கி மூடிக்கொண்டது.

பெருச்சாளி காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. "பல்லியார் வாயே திறக்கலை. கோபமா இருக்காரு. இன்னைக்கு வேணாம் தங்கச்சி," என்றது.

இனிப் பொறுக்க முடியாது என்று பல்லி சுவரை விட்டுத் தரைக்கே இறங்கி வந்தது.

"எனக்கு ஒரு பலனும் தெரியாதுங்க. முதல் நாள் தொண்டையில பூச்சி சிக்கிச்சு, செருமினேன். மழை அதுவா வந்துச்சு. அப்புறமெல்லாம் பசியில கத்தினேன். நீங்க குடுத்த மரியாதை நல்லா இருந்துச்சு, அதான் பேசாம இருந்துட்டேன். தண்ணியை ஊத்துங்க தாயி!"

பெருச்சாளிக்கு மெய்சிலிர்த்துவிட்டது. "என்ன ஒரு அடக்கம் பாரு! நம்மளைச் சோதிக்கிறாரு."

"சோதிக்கலை அண்ணே. சத்தியமாச் சொல்றேன்... ச்சு... எனக்கு ஒண்ணும் தெரியாது."

"சத்தியத்துக்கு நடுவுல ஒரு ச்சு வந்துச்சு. ஆகவே ஆகாது," என்றது பெருச்சாளி.

முயல் பல்லியையே பார்த்தது.

"இவரு அன்னைக்குச் சொன்னது நிஜமா, இன்னைக்குச் சொல்றது நிஜமான்னு எனக்குத் தெரியலை அண்ணே. இனிமே இவரு எது சொன்னாலும் என் மனசுல ஏறாது. கொடி வாடிக் கிடக்கு. அது என் கண்ணுக்குத் தெரியுது. அது போதும்."

கொட்டாங்குச்சியை எடுத்துக்கொண்டு முயல் குளத்துக்கு நடந்தது. விடியும்வரை மொண்டு மொண்டு ஊற்றியது. பெருச்சாளி கொஞ்ச நேரம் முணுமுணுத்துக்கொண்டு நின்றது. பிறகு அதுவும் வெட்கப்பட்டுக்கொண்டு வேரடி மண்ணைக் கிளறிவிட்டது.

கத்தரி போனது போனதுதான். புடலைக்கு மட்டும் வேரில் உயிர் இருந்தது. சில நாளில் தளிர் விட்டது. குட்டிகள் ஓரத்துத் தழையைக் கடித்துத் தின்று தேறின. முயல் எங்கும் போகவில்லை.

ஒரு ராத்திரி பல்லி பந்தலில் தலைகீழாகத் தொங்கியபோது, இலைகளின் அடிப்பக்கம் பச்சைப் புழுக்கள் ஊர்வதைப் பார்த்தது. மேலேயிருந்து பார்க்கிற யாருக்கும் அது தெரியாது. பல்லி முதல்முறையாக ஒரு விஷயத்தை நிச்சயமாகத் தெரிந்துகொண்டிருந்தது.

"முயலக்கா, இலைக்கு அடியில புழு விழுந்திருக்கு. கொஞ்சம் பாருங்க," என்று கூப்பிட்டது.

"சரிங்க," என்றது முயல். தலையைக்கூட நிமிர்த்தாமல் அடுத்த நடைக்குக் குளத்துக்குப் போய்விட்டது.

பல்லி என்ன செய்யும்? இலை இலையாக ஊர்ந்து, தன் வாயால் முடிந்தமட்டும் புழுக்களைப் பொறுக்கியது. விடிந்த பிறகுதான் சுவருக்குத் திரும்பியது. கொடி தப்பித்தது. எல்லாம் தான் ஊற்றிய தண்ணீரால்தான் என்று முயல் சந்தோஷப்பட்டது.

தெரியாததற்குக் கிடைத்த மரியாதையை அன்றைக்கே வேண்டாம் என்று சொல்லாதவர், தெரிந்ததைச் சொல்லும் நாளில் கேட்க ஆளில்லாமல் நிற்பார்.