பதினோரு விநாடி

ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தில் சர்வர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்பவர் ரிஸ்வானா. வயது இருபத்துநாலு. அவரிடம் வேலை கற்றுக்கொள்ள வந்தவர் குணசீலன். வயது நாற்பத்தாறு. அவர் மேடம் என்பார், இவர் அண்ணே என்பார். அதில் இருவருக்கும் சங்கடமில்லை.

சங்கடம் வேறு. குணசீலனின் எடிட்டர் திறக்கப் பதினோரு விநாடி ஆனது.

கறுப்புத் திரையில் வெறும் எழுத்து ஓடும் எடிட்டர் அது. கூப்பிட்டால் உடனே வந்து நிற்க வேண்டும். சர்வர் திக்கினால் அதில்தான் கோப்பைத் திறந்து திருத்துவார்கள். திருத்தும்வரை எந்த வண்டி எங்கே போவது என்று யாருக்கும் தெரியாது.

அன்று பயிற்சியின் கடைசி நாள். ஷிஃப்ட் பட்டியல் ஐந்து மணிக்குள் போக வேண்டும். பதினோரு விநாடிக்காரர் பெயரை எழுத மாட்டேன் என்று ரிஸ்வானா காலையிலேயே சொல்லிவிட்டார். பெயர் இல்லையென்றால் வேலை இல்லை.

குணசீலன் கம்ப்யூட்டரைக் குறை சொன்னார். நெட்டைக் குறை சொன்னார். எடிட்டரை அழித்துப் புதிதாக ஏற்றினார். அதே பதினோரு விநாடி.

எடிட்டர் எப்படி நடக்க வேண்டும் என்று அவர் எழுதி வைத்திருந்த செட்டிங்ஸ் கோப்பை அது படிக்கவிடாமல், எடிட்டரை மட்டும் திறக்கச் சொன்னார் ரிஸ்வானா. சட்டென்று திறந்தது.

"எடிட்டர் நல்லாத்தான் இருக்கு அண்ணே. நீங்க அதுக்கு என்ன சொல்லி வச்சிருக்கீங்கன்னு பாருங்க."

சொல்லி வைத்திருந்தது அறுநூறு வரி. இருபது வருஷச் சேர்மானம். பாதியை மூடிப் பாருங்கள், வேகமாக வந்தால் கோளாறு அந்தப் பாதியில், வராவிட்டால் மற்றதில் என்று சொல்லிவிட்டு ரிஸ்வானா சாப்பிடப் போனார். வரிக்கு முன்னால் ஒரு குறி போட்டால் எடிட்டர் அதைத் தாண்டிப் போய்விடும். மூடுவது என்றால் அவ்வளவுதான்.

குணசீலன் மேல் பாதியை மூடினார். மெதுவு. அதைத் திறந்து கீழ்ப் பாதியை மூடினார். அப்போதும் மெதுவு. ரிஸ்வானா வந்ததும், உங்கள் முறையே தப்பு மேடம் என்றார்.

ரிஸ்வானா கோப்பை உருட்டிப் பார்த்தார். கீழ்ப் பாதி முழுக்கக் குறி. ஒரே ஒரு வரிக்கு மட்டும் இல்லை.

"இத ஏன் மூடல?"

"அதுல தப்பு வராது மேடம். அது நானே எழுதினது."

பழைய கம்பெனியில் முப்பது பேருக்கும் பொதுவான செட்டிங்ஸை எழுதியவர் குணசீலன். அது அவர் மேஜைக்கு அடியில் ஒரு மெஷினில் இருந்தது. எடிட்டர் திறக்கும்போதெல்லாம் இந்த வரி அந்த மெஷினைக் கேட்கும். புதிது இருந்தால் வாங்கி வரும். பதில் வராவிட்டால் காத்திருந்துவிட்டு, கையில் இருக்கும் பிரதியை வைத்துத் திறக்கும். கம்பெனி மூடி நாலு வருஷம் ஆகிறது. அந்த நாலு வருஷமும் அவர் மைத்துனர் கடையில் டைல்ஸ் விற்றார்.

வரிக்கு மேலே அவரே எழுதிய குறிப்பு இருந்தது. இதை எடுக்க வேண்டாம், சந்தேகம் என்றால் குணசீலனைக் கேட்கவும். பக்கத்தில் பழைய கம்பெனியில் அவர் மேஜையில் இருந்த போனின் நம்பர்.

மணி நாலு முப்பத்தைந்து. எடுத்துவிடட்டுமா என்று குணசீலன் கேட்கவில்லை. காத்திருக்கும் நேரத்தை ஒரு விநாடியாகக் குறைத்துக்கொள்ளலாமா என்றுதான் கேட்டார்.

ரிஸ்வானா மேஜை போனை எடுத்து, குறிப்பில் இருந்த நம்பரை அழுத்தினார். அது உபயோகத்தில் இல்லை என்று ஒரு குரல் தமிழில் சொன்னது, பிறகு இங்கிலீஷில் சொன்னது. முழுக்கக் கேட்டுவிட்டு வைத்தார். மறுபடி அழுத்தினார்.

"யாருக்கு மேடம்?"

"குணசீலனுக்கு. எடுக்கலாமான்னு அவரத்தான கேக்கணும்."

குணசீலன் சிரித்தார். ரிஸ்வானா சிரிக்கவில்லை. மூன்றாவது முறை அழுத்தினார். நாலாவது முறையும். அழைப்பு எடுக்கிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மணி நாலு ஐம்பது ஆனது. பட்டியல் மேஜையில் அப்படியே கிடந்தது.

ஏழாவது முறை குணசீலன் கையை நீட்டி இணைப்பைத் துண்டித்தார்.

"அங்க யாரும் இல்ல மேடம். நான் இங்கதான் இருக்கேன்."

ரிஸ்வானா ரிசீவரை வைத்தார். பட்டியலை இழுத்து, பேனா மூடியைக் கழற்றினார்.

"அத அந்த வரிகிட்ட சொல்லுங்க அண்ணே. அது இன்னும் உங்கள அங்கதான் கேட்டுட்டு இருக்கு."