வெயிலுக்கு ஆகாத நீலம்

தீர்ப்புச் சொல்ல ஆசைப்படுகிறவர்களுக்கு இந்தக் கதை. முடியும்வரை கல்லின் மேல் ஒரு கண் இருக்கட்டும். மனிதர்கள் சொல்வதை மட்டும் கொஞ்சம் சந்தேகத்தோடு கேளுங்கள்.

காங்கேயம் பக்கத்தில் ஒரு தேங்காய்க் களத்தில் வேலை பார்த்தவள் பாவாத்தாள். உடைத்த தேங்காயை வெயிலில் பரப்பி, புரட்டிப் போட்டுக் கொப்பரையாக்குவது அவள் வேலை. வெயிலில் காய்ந்தது கெடாது, மூடி வைத்தது பூசணம் பிடிக்கும். இருபது வருஷத்தில் களம் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது இவ்வளவுதான். அவள் புருஷன் நல்லசிவம் எண்ணெய் ஆலையில் மூட்டை தூக்கியவன். நாற்பத்தாறு வயதில் இதயம் வீங்கிப் படுத்துவிட்டான். தினம் மூன்று மாத்திரை, ஒரு வேளைகூடத் தவறக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். தவறாமல் விழுங்கினான். ஆனால் பிழைப்போம் என்ற நினைப்பே அவனிடம் இல்லை. ஏழரைச் சனி நடக்கிறது, நீலக்கல் வைத்தால் தாங்கும் என்றார் ஜோசியர்.

நீலத்தை யாரும் எடுத்த எடுப்பில் வாங்கிவிடுவதில்லை. ராசி பார்க்க வேண்டும். ஒரு மண்டலம் தலையணைக்கடியில் வைத்துப் படுத்து, நல்லது நடந்தால் வாங்கலாம். இல்லாவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடலாம். கல் வியாபாரி தெய்வநாயகம் அப்படித்தான் மொச்சைக்கொட்டை அளவில் ஒரு கல்லைக் கறுப்புத் துணிப்பையில் போட்டுக் கொடுத்தார். அத்தனை ஆழமான நீலத்தைப் பாவாத்தாள் பார்த்ததே இல்லை.

"பையை விட்டு வெளிய எடுக்கக் கூடாது அம்மிணி. சனிக்கு இருட்டுத்தான் இஷ்டம். சாஸ்திரம்" என்றார்.

நல்லசிவம் கல்லைப் பார்க்க வேண்டும் என்றான். படுத்த படுக்கையாகக் கிடப்பவன் வேறு எதையும் கேட்டதில்லை. அவளுக்கும் மனசு கேட்கவில்லை. துணிக்குள்ளேயே கிடந்தால் எதுவும் கெட்டுத்தானே போகும்? கட்டிலுக்கு எதிரே, கிழக்கு ஜன்னல் விளிம்பில், நல்ல வெயில் படும்படி ஒரு கிண்ணத்தில் வைத்தாள்.

பத்தாம் நாள் கல் வெளிறியது. இருபதாம் நாள் கழுவின கண்ணாடித் துண்டு மாதிரி ஆகிவிட்டது.

"பாத்தியா புள்ள? என் உசுரும் இப்படித்தான் வெளுத்துட்டு இருக்குது" என்றான் நல்லசிவம். மாத்திரையை மட்டும் அப்போதும் விடாமல் விழுங்கினான்.

பாவாத்தாள் பதறிப்போய்க் கல்லை எடுத்துக்கொண்டு, டவுனில் கல் பரிசோதனை செய்யும் வாசுகியிடம் ஓடினாள். வாசுகி அதைக் காற்றில் ஒரு தடவை, தண்ணீருக்குள் ஒரு தடவை நிறுத்தாள். லென்ஸ் வைத்து வெகுநேரம் பார்த்தாள்.

"இது நீலமே இல்லீங்க்கா. நீலம்னா தண்ணியைப் போல நாலு மடங்கு கனம் இருக்கும். இது மூணு மடங்குகூட இல்லை. நீலம் இதைக் கீறிரும், இது நீலத்தைக் கீறாது. இது பெரில், மரகதத்தோட பங்காளி. இந்த மாதிரி கெடைக்கறது ரொம்ப அபூர்வம். நீலத்துக்குள்ள இரும்பும் டைட்டானியமும் கலந்திருக்கறதால அதோட நிறம் போகாது. இதுக்குக் கதிர்வீச்சு பட்டு வந்த நிறம். வெயில் பட்டாக் கலைஞ்சிரும். இதே பாறையில வெட்டுன கல் எதுவானாலும் அப்படித்தான். ஆனா கல்லு கெட்டுப்போகலீங்க்கா. கனம், கெட்டி எல்லாம் அப்படியே இருக்குது."

"அவருகிட்ட வந்து சொல்லுவியா கண்ணு?"

"நீங்களே சொல்லீருங்க்கா. உண்மையைச் சொல்றதுக்கு நான் எதுக்கு?"

சொன்னால் நீலமே இல்லை என்று தெரிந்து, இருக்கிற கொஞ்சநஞ்ச நம்பிக்கையும் போகும். சொல்லாவிட்டால் வெளுத்த கல்லையே பார்த்துப் பார்த்துச் சாவான். அழுதுகொண்டே தெய்வநாயகத்தின் கடைக்குப் போனாள்.

அவர் அதிர்ச்சியே காட்டவில்லை. "வெயில்ல வெச்சுட்டீங்களா? நிறம் போயிரும்னு எனக்குத் தெரியும். அதைச் சொன்னா இதை எவன் வாங்குவான்?" என்றவர், ஏதோ மனம் இரங்கி, இழுப்பறையிலிருந்து ஒரு கறுப்புக் காகித மடிப்பை எடுத்தார். உள்ளே அதே ஆழமான நீலம். "ஒரே பாறையில வெட்டுன ஜோடிதான். இதை வெச்சிருங்க."

பாவாத்தாள் வெளுத்த கல்லை முந்தானையில் முடிந்துகொண்டு, புதியதைக் கிண்ணத்தில் வைத்தாள். தூங்கி எழுந்த நல்லசிவத்திடம், "நிறம் திரும்பி வந்திருச்சுங்க மாமா" என்றாள். அவன் கல்லை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குழந்தை மாதிரி சிரித்தான். இனிப் பைக்குள்தான் இருக்க வேண்டும் என்று அவள் சொன்னதற்கும் தலையாட்டினான். அன்று முதல் எழுந்து உட்கார்ந்து பேசினான், பாடினான். மாத்திரை கொடுத்தால், "முழுங்கியாச்சு புள்ள" என்பான்.

பத்தொன்பதாம் நாள் இரவில், பேசிக்கொண்டிருந்தவன் அப்படியே சாய்ந்து இறந்தான்.

காரியம் முடிந்தபின், கல்லைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று தலையணைக்கடியிலிருந்து பையை எடுத்தாள். கனமாக இருந்தது. தரையில் கொட்டினாள். நீலக்கல்லோடு ஐம்பத்தேழு மாத்திரைகள் உருண்டன. சனியையே வென்றுவிட்டதாக நினைத்தவனுக்கு மாத்திரை எதற்கு?

இப்போது சொல்லுங்கள். கல்லின் குணத்தைச் சாஸ்திரம் என்று சொல்லி மறைத்தாரே தெய்வநாயகம், உண்மை தெரிந்தும் வந்து சொல்லாமல் இருந்தாளே வாசுகி, ஆசையால் கல்லை மாற்றி வைத்தாளே பாவாத்தாள், இந்த மூவரில் நல்லசிவத்தின் சாவுக்கு யார் பொறுப்பு?

என் விடை இது. வெளுத்த கல் அவனைக் கொல்லவில்லை; கல் வெளுத்துக்கொண்டிருந்தபோதும் அவன் மாத்திரையை விடவில்லையே. நிறம் திரும்பியது என்ற பொய்தான் கொன்றது. அந்தப் பொய்யைச் சொன்னவள் பாவாத்தாள். ஆனால் தெய்வநாயகம் முதல் நாளே "வெயில் ஆகாது" என்று உள்ளதைச் சொல்லியிருந்தால், அவளுக்குப் பொய் சொல்லும் வேளையே வந்திருக்காது. ஆகவே பெரிய பொறுப்பு அவருடையது. வாசுகி சொன்னது அத்தனையும் உண்மை, சொல்ல வேண்டியவனிடம்தான் சொல்லவில்லை. இவ்வளவுக்கும் வழி ஒன்று பாவாத்தாள் கையிலேயே இருந்தது. இரண்டாவது கல்லையும் அதே ஜன்னலில், அவன் கண் எதிரிலேயே வைத்திருக்கலாம். அதுவும் வெளுப்பதைப் பார்த்திருந்தால், வெளுத்தது தன் உயிரல்ல என்று அவனுக்கே புரிந்திருக்கும். அவளுக்கு இது பிறகு புரிந்தது. தெய்வநாயகம் கற்களைத் திருப்பிக் கேட்கவில்லை. இன்று இரண்டும் அந்தக் கிண்ணத்தில் வெயிலில் கிடக்கின்றன. எது முதல் கல், எது இரண்டாவது என்று அவளுக்கே தெரியாது.